யூலிமிட் ஏற்றியும் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' வருவது ஏன்?

வணக்கம். லினக்ஸ் டெர்மினலில் யூலிமிட்டை (ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களின் வரம்பு; ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஃபைலாகவே எண்ணப்படும்) 65535 ஆக்கியும், ஆயிரம் இணைப்பைத் தாண்டியதும் சர்வர் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' பிழையோடு நிற்கிறது, வேகமும் குறைகிறது என்கிறீர்கள். யூலிமிட் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்பும் புரோகிராம்களுக்கும் மட்டுந்தான். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) தொடங்கும் சர்வீஸுக்கு அது போய்ச் சேராது. அங்கே பழைய 1024-தான். சர்வீஸ் ஃபைலில் 'லிமிட்நோஃபைல்' (LimitNOFILE) வரியைச் சேர்த்து, டீமன்-ரீலோட் (மாற்றிய ஃபைலை சிஸ்டம்டி மறுபடி படிக்கச் செய்யும் கட்டளை) கொடுத்து, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

அதற்கு முன் தயவுசெய்து எல்எஸ்ஓஎஃப் (திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். கூட்டம் குறைந்த பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லையென்றால், கோடில் எங்கோ, திறந்ததை மூடும் க்ளோஸ் விடுபட்டிருக்கிறது. அப்போது வரம்பை ஏற்றுவது, குழாயை மூடாமல் பெரிய குடம் வைப்பது மாதிரி.

வேகம் குறைவதற்குக் காரணம் நீங்கள் எழுதியுள்ள செலக்ட் (எந்த இணைப்பு தயாராக உள்ளது என்று கேட்கும் அழைப்பு). ஒவ்வொரு தடவையும் எல்லா இணைப்பையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும். 1023-ஐத் தாண்டிய டிஸ்கிரிப்டர் எண்ணை (திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் இணைப்புக்கும் சிஸ்டம் தரும் எண்)த் தாங்கவும் தாங்காது. அதே வேலைக்கான லினக்ஸின் ஈபோலுக்கு மாறுங்கள், தயாராக உள்ளவற்றை மட்டுமே அது சொல்லும்.