மோர்கம் விரிகுடாவைத் தனியாக நடந்து கடக்கலாமா?

கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணை கையில் இருப்பதால், இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள இந்த விரிகுடாவில், ஆர்ன்சைடு என்ற கரையோர ஊரிலிருந்து எதிர்க்கரையில் உள்ள கென்ட்ஸ் பேங்க் வரை மணலில் நண்பருடன் நடந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அட்டவணை கடல் வற்றும் நேரத்தைத்தான் சொல்லும். விரிகுடாவில் கலக்கும் கென்ட் ஆறு இன்று எந்தப் பக்கம் ஓடுகிறது, புதைமணல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. அந்த ஆற்றின் தடம் அடிக்கடி மாறும், போன மாதம் நடந்தவரின் வரைபடம்கூட உதவாது. தண்ணீரும் எதிரிலிருந்து மட்டும் வராது. உங்களுக்குப் பின்னால் மணலில் உள்ள கால்வாய்கள் முதலில் நிறைந்து உங்களை மணல் திட்டில் அடைத்துவிடும். 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இந்த விரிகுடாவில்தான் இரவில் மூழ்கி இறந்தார்கள்.

1857இல் ரயில் வரும்வரை குதிரை வண்டிகள் இந்த மணல்மேல்தான் போயின. அப்போதும் வழிகாட்டி உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அரச நியமனமாகவே தொடரும் பதவி அது. இன்றும் அவர் ஆற்றைச் சோதித்து, மரக்கிளை நட்டு வழி குறித்த பிறகே கூட்டத்தை அழைத்துப் போகிறார். கோடைக்கால நடைகளில் முன்பதிவு செய்யுங்கள். முழங்கால் வரை நனையத் தயாராகப் போங்கள். தேதி ஒத்துவரவில்லையென்றால் ஆர்ன்சைடில் ரயில் ஏறுங்கள். பாலத்தின்மேல் போகும்போது விரிகுடா நன்றாகவே தெரியும். ஆர்ன்சைடு கரையில் தண்ணீர் வருவதை எச்சரிக்கும் சங்கு (சைரன்) ஊதினால் உடனே மேலேறிவிடுங்கள்.