மே 11க்குப் பிறகு எது நிற்கும், எது தொடரும்? கேள்வி பதில்

அமெரிக்க அரசின் கோவிட் பொது சுகாதார அவசரநிலை 2023 மே 11 அன்று முடிந்தது. இது அதற்குச் சற்று முன் நடந்த கேள்வி பதில். அன்றைய விதிகளின்படி, இன்சூரன்ஸ் விதிகள் தெரிந்த ஒருவர் பதில் சொன்னார்.

டாலஸ் வாசகர்: 12ஆம் தேதியிலிருந்து தடுப்பூசிக்குக் காசு கட்டணுமா சார்?

வேண்டாம். மத்திய அரசு வாங்கி வைத்த சரக்கு தீரும்வரை இலவசம். நிற்பது வீட்டு டெஸ்ட் கிட்தான். ஒருவருக்கு மாதம் 8 கிட்டுக்குத் தனியார் இன்சூரன்ஸ் பணம் தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் போகிறது.

எடிசன் வாசகர்: ஏப்ரல் 10லயே பைடன் கையெழுத்துப் போட்டு எமர்ஜென்சி முடிஞ்சாச்சே?

அன்று முடிந்தது 2020 மார்ச் 13இல் டிரம்ப் அறிவித்த தேசிய அவசரநிலை. மே 11இல் முடிவது, சுகாதாரத் துறைச் செயலர் அலெக்ஸ் அசார் 2020 ஜனவரி 31இல் அறிவித்து, 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்தது. சட்டமே வேறு.

எடிசன் வாசகர்: அப்போ கோப்ராவுக்கு (வேலை போனவர் அலுவலக இன்சூரன்ஸைச் சொந்தக் காசில் தொடரும் வசதி) நிறுத்திவெச்ச கெடு, தேசிய அவசரநிலை முடிஞ்சதை வெச்சுத்தானே மறுபடி ஓடணும்? 60 நாள் கூட்டினா ஜூன் 9.

நல்ல கேள்வி. சட்டத்தை மட்டும் படித்தால் உங்கள் கணக்கு சரி. ஆனால் தொழிலாளர் துறை மே 11ஐ வைத்து ஜூலை 10 என்று முன்பே அறிவித்தது, அதிலேயே நிற்கிறது. ஏப்ரல் 1இல் வேலை போய், மே 1இல் கோப்ரா நோட்டீஸ் வந்தவருக்கு கோப்ராவில் சேர்வதற்கான 60 நாள் கெடு ஜூலை 10க்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். கடைசி நாள் செப்டம்பர் 8. அதற்காகக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். கோப்ரா, இன்சூரன்ஸ் போன நாளிலிருந்தே பின்தேதியிட்டுச் சேரும்; இடைப்பட்ட மாதங்களின் பிரீமியத்தையும், முதலாளியின் பங்கோடு சேர்த்து, நீங்களே கட்டவேண்டும். துணைவரின் அலுவலக பிளானில் இடமிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வழக்கமான காலத்தில் அதற்கு 30 நாள்தான்.

சான் ஹோசே வாசகி: குழந்தையோட மெடிகெய்டும் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) 11ஆம் தேதி நின்னுடுமா?

நிற்காது. 2022 டிசம்பர் சட்டம் மெடிகெய்டை அவசரநிலையிலிருந்து பிரித்துவிட்டது. ஏப்ரல் 1 முதல் மாநிலங்கள் ஒவ்வொருவராகத் தகுதி பார்த்து நீக்கலாம். முகவரியைப் புதுப்பியுங்கள், மெடிகெய்ட் அலுவலகத்திலிருந்து தபால் கவர் வந்தால் அன்றே பிரியுங்கள். படிவம் அனுப்பாததால் நீக்கப்பட்டால் 90 நாளுக்குள் அனுப்புங்கள். புது விண்ணப்பமில்லாமலே மறுபடி பார்ப்பார்கள்.

அட்லாண்டா வாசகர்: மெடிகெய்ட் 11ஆம் தேதி முடியுதாமே?

மேலே இப்போதுதான் சொன்னேன். கவரைப் பிரியுங்கள்.

சிகாகோ வாசகர்: சென்னையிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குத் தடுப்பூசிச் சான்று வேணுமா?

மே 12 முதல் வேண்டாம். விசா கேள்விகளை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஹூஸ்டன் வாசகி: அம்மாவுக்கு மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்). இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நர்சிங் மையத்துக்கு அனுப்பணும்.

இதில்தான் பலர் மாட்டப்போகிறார்கள். மே 12 முதல் நர்சிங் மையத்தில் சேர்பவருக்குப் பழைய விதி திரும்புகிறது: மெடிகேர் பணம் தர, அதற்குமுன் ஆஸ்பத்திரியில் தொடர்ந்து 3 நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். சேர்ந்த நாள் கணக்கில் வரும், டிஸ்சார்ஜ் நாள் வராது. அப்சர்வேஷனில் (உள்நோயாளியாகச் சேர்க்காமல் கண்காணிப்பில் மட்டும் வைப்பது) கழித்த இரவுகளும் சேராது, அதே வார்டில் அதே படுக்கையில் படுத்திருந்தாலும். தினமும் காலையில் 'இன்பேஷண்டா, அப்சர்வேஷனா' என்று நர்ஸிடம் கேளுங்கள். அட்வான்டேஜ் பிளான் (தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர்) என்றால் இந்த 3 நாள் இல்லாமலும் ஒத்துக்கொள்ளலாம். அனுப்பும் முன் பிளானிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.