பையனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தரலாமா, சைக்கிளே போதுமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பையனுக்கு 18 வயசு, சிம்மோர் பக்கம் ஃபேக்டரில வேலை கெடச்சிருக்கு, காலைல 7 மணிக்கு ஷிப்ட்டு, ஓட்டி (ஓவர்டைம்) இருந்தா ராத்திரி 7 மணிக்குத்தான் முடியும். செகண்ட் ஹேண்ட் கப்சாய் (சின்ன மோட்டார்) ஒண்ணு வாங்கித் தரச் சொல்லி நிக்கிறானாம். "எனக்குப் பயமா இருக்கு, வீட்டுல சைக்கிள் கெடக்கு, அதுல போனா பாதுகாப்பா இருக்குமா?"

அக்கா, உங்க பயம் நியாயமானது. 2019ல மட்டும் நம்ம மலேசியா ரோட்டுல 6,167 பேர் செத்தாங்க, வருஷா வருஷம் அப்படிச் சாகறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டார்ல போறவங்கதான். அதனால மொதல்ல ஃபேக்டரி பஸ் உங்க பக்கம் வருதான்னு விசாரிங்க, தோட்டத்து வாசலுக்கு வராட்டியும் டவுன் வரைக்கும் வந்தா போதும். பஸ் இருந்தா அதான் என் பதில், பையன் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டாலும் பரவால்ல.

பஸ் இல்லன்னா, இந்த ரூட்டுக்கு சைக்கிள் வேணாம். சைக்கிள் மெதுவாப் போகுது அதனால ஆபத்து கம்மின்னு தோணும், ஆனா பெரிய ரோட்டுல லிமிட் மணிக்கு 90 கிலோமீட்டர், லாரியும் காரும் அந்த வேகத்துல வருது, உங்க பையன் 15ல மிதிச்சுக்கிட்டு இருப்பான், அப்ப பின்னால வர்ற ஒவ்வொரு வண்டியும் அவனத் தாண்டித்தான் போகணும், அதுல ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல இருந்தா முடிஞ்சுது. இருட்டுல இன்னும் மோசம். மோட்டார்ல 60, 70ல போனா மத்த வண்டியோட சேர்ந்து போயிடலாம், தாண்டுற வண்டி கொறையும். சைக்கிள் தோட்டத்துக்குள்ள கடைக்கு, கோயிலுக்குப் போக நல்லது, அங்க தாராளமா ஓட்டட்டும்.

மோட்டார்ல அடிபடறது எங்கன்னு பாத்தா, நெறைய பேரு சிம்பாங்லதான், அதாவது ரோடு சந்திக்கிற எடத்துல. எதிர்ல வர்ற கார் குறுக்கத் திரும்பும், கேட்டா "பாக்கவே இல்ல"ன்னு சொல்லுவான், அது நெசமாவும் இருக்கும், மோட்டார் சின்னது, கண்ணுல படாது. அதுக்குத்தான் 1992ல இருந்து பகல்லயும் லைட் போட்டு ஓட்டணும்னு சட்டம். பல்பு எரியுதான்னு டெய்லி பாக்கச் சொல்லுங்க, சிம்பாங் வந்தா பச்சையா இருந்தாலும் த்ராட்டல விட்டுட்டு விரல் பிரேக்ல இருக்கணும்.

லாரி விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பா சொல்லுவேன். செம்பனைப் பழம் ஏத்துற லாரி தோட்டத்துக்குள்ள திரும்ப ஸ்லோ பண்ணும்போது இடது பக்கம் சந்து கெடைக்கும், அதுல பூந்து போகவே கூடாது, டிரைவருக்கு அந்தப் பக்கம் கீழ இருக்கிறவன் தெரியாது, திரும்பும்போது பின் சக்கரம் உள்ள வெட்டிக்கிட்டு வரும். பின்னாலயே நின்னு போகட்டும், ரெண்டு நிமிஷம் லேட்டானா லேட்டு. அப்புறம் தோட்டத்து வாசல்ல சிந்திக் கெடக்கிற செம்பனைப் பழமும் செம்மண்ணும், மழை ஆரம்பிச்ச மொத கொஞ்ச நேரம் அந்த எடம் சோப்புத் தண்ணி மாதிரி வழுக்கும், அங்க சாய்க்காம நேரா, மெதுவாப் போகணும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன். 60ல போறவன் ஆபத்தப் பாத்து, பிரேக் புடிச்சு நிக்க சுமார் 50 மீட்டர் ஆகும், 90ல போனா 100 மீட்டர் கிட்ட. ராத்திரில கப்சாய் லைட்டு அவ்வளவு தூரம் காட்டாது. அதனால இருட்டுனா 60தான், சண்டை போட்டாவது இதுக்கு ஒத்துக்க வைங்க. பழகுறவங்க நெறைய பேரு பின் பிரேக்க மட்டும் மிதிப்பாங்க, நிறுத்துற சக்தில பெரும்பங்கு முன் பிரேக்லதான் இருக்கு, ரெண்டையும் சேத்துப் புடிக்க ஒரு ஞாயித்துக்கெழம காலி தெடல்ல பழகட்டும்.

ஹெல்மெட்டுக்குக் கணக்குப் பாக்காதீங்க. பல நாட்டு ஆய்வுகளச் சேத்துப் பாத்ததுல ஹெல்மெட் போட்டா சாவு 42 விழுக்காடும் தலைக்காயம் 69 விழுக்காடும் கொறையுதுன்னு வந்திருக்கு. சிரிம் (தரம் பாத்து முத்திரை குடுக்கிற அமைப்பு) ஸ்டிக்கர் இருக்கணும், ஸ்ட்ராப்ப இறுக்கி மாட்டணும், மாட்டாத ஹெல்மெட் விழும்போது மொதல்ல பறந்துடும். ஒருதரம் பலமா அடி வாங்குனத திரும்பப் போடக்கூடாது, அதனால பழசு வாங்காதீங்க, மோட்டார் செகண்ட் ஹேண்டா இருக்கலாம், ஹெல்மெட் கூடாது.

12 மணி நேரம் நின்னு வேலை செஞ்சுட்டு வர்றவனுக்குக் கண்ணு சொருகும். ஓட்டி அன்னைக்கு அரை மணி நேரம் கேன்டீன்ல தூங்கிட்டு வந்தாலும் நீங்க திட்டக்கூடாது க்கா, லேட்டா வரட்டும்.

பி2 லைசன் (மோட்டார் லைசன்) எடுக்காம ஒரு நாள் கூட அனுப்பாதீங்க, மொத ரெண்டு வருஷம் புதுசா ஓட்டறவன்னு காட்டுற பி ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஓட்டணும். ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் அவன் பேருக்கு மாத்திட்டீங்களான்னு பாருங்க. வேலைக்குப் போற வழியில, வர்ற வழியில அடிபட்டாலும் சொக்சோவுல (தொழிலாளிக்கான அரசாங்கக் காப்புறுதி) பணம் கேக்கலாம், அதனால மொத சம்பளச் சீட்டு வந்ததும் சொக்சோவுக்குக் காசு புடிச்சிருக்காங்களான்னு வாங்கிப் பாருங்க, இல்லன்னா அன்னைக்கே ஆபீஸ்ல கேக்கச் சொல்லுங்க.