பெட்டிக்குள்ளயே இருக்கிற மிஷின் – கடிதமும் பதிலும்

வணக்கம்மா,

நீங்க தையல் பத்தி எழுதுறத மருமக போன்ல காட்டுவா, படிப்பேன். எனக்கு 61 வயசு. கால் மிஷின்லயே தைச்சு பழகுனவ. பழைய காட்டன் சேலைய மடிச்சு அடுக்கி போர்வை தைக்கிறது ரொம்ப பிடிக்கும், ஓரம் மட்டும் மிஷின்ல அடிச்சிட்டு நடுவுல ஓட்டுத்தையல் எல்லாம் கையாலதான் போடுவேன். இப்ப விரல் மூட்டெல்லாம் வலி, ஊசி பிடிக்க முடியல. அத கேட்டுட்டு அமெரிக்காவுல இருக்கிற பையன் வரும்போது குவில்ட், அதான் இந்த மாதிரி அடுக்குத்துணி போர்வை, தைக்கிற கம்ப்யூட்டர் மிஷின் ஒண்ணு தூக்கிட்டு வந்துட்டான். பொங்கலுக்கு வந்தது. ஒரே ஒரு தடவ வெளிய எடுத்தேன், ஸ்க்ரீனும் பட்டனும் பாத்து கை நடுங்கிருச்சு, கரண்ட்ல கூட சொருகாம திரும்ப பெட்டிக்குள்ள வச்சிட்டேன். அவ்ளோ காசு போட்டு வாங்குனத கெடுத்துருவேனோனு இருக்கு. பேத்திக்குனு எங்கம்மா சேலையெல்லாம் வெட்டி ஒட்டு வச்சு மேல்துணி ரெடியா வச்சிருக்கேன், அது பாழாப்போனா திரும்ப கிடைக்காது. எங்கக்கா வேற, மிஷின்ல அடிச்சா அது போர்வையே இல்ல, கையால போட்டாதான் மதிப்புங்குறாங்க. நான் எப்பவும் வாங்குற நூலே இதுக்கு போதுமா?

எஸ்., மதுரை

வணக்கம்மா,

மத்ததெல்லாம் அப்புறம், கரண்ட்ல சொருகலன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரைக்கும் நல்லதா போச்சு. அமெரிக்காவுல வீட்டு கரண்ட் 120 வோல்ட், நம்மூர்ல 230. மிஷினுக்கு பின்னாடியோ அடியிலயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல 100-240னு போட்டிருந்தா பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வாங்கி சொருகிடலாம், வெறும் 120னு இருந்தா நேரா சொருகவே கூடாது, உள்ள இருக்கிற போர்டு அப்பவே போயிடும். 230அ 120ஆ குறைச்சு குடுக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர்னு எலக்ட்ரிக்கல் கடைல கேளுங்க, ஸ்டிக்கர்ல எத்தன வாட்ஸ்னு இருக்கோ அதுக்கு ரெண்டு மடங்கு தாங்குறதா வாங்குங்க. உள்ளங்கை அளவுல கன்வெர்ட்டர்னு ஒண்ண குடுப்பாங்க, அது வேணாம். இது ஒண்ணுதாம்மா அந்த மிஷின்ல நிஜமாவே பயப்பட வேண்டிய விஷயம்.

மத்த பயத்துக்கு வருவோம். கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன், உங்களுக்கு மிஷின் மேல பயம் இல்ல, அம்மா சேலை மேலதான் பயம், அது நியாயமான பயம்தான், மாசக்கணக்குல ஒட்டு வச்சு எடுத்த துணிய தெரியாத மிஷினுக்கு அடியில யாரு குடுப்பா. அதனால அத மடிச்சு பீரோவுல வச்சிருங்க, மிஷின் இருக்கிற ரூம் பக்கமே கொண்டு வராதீங்க. கிழிஞ்ச பெட்ஷீட்டு, சாயம் போன நைட்டி, இதுங்கள போர்வை எவ்ளோ கனம் இருக்குமோ அதே கனத்துக்கு அடுக்கி, ரெண்டு சாண் நீளத்துக்கு துண்டு துண்டா வெட்டி வச்சுக்கோங்க.

இப்ப நான் சொல்றது கொஞ்சம் கிறுக்குத்தனமா தெரியும். அந்த துண்டுல நல்லா தைக்க பாக்காதீங்க, வேணும்னே சொதப்புங்க. உதாரணத்துக்கு ஊசிக்கு அடியில துணிய அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்ட கீழ இறக்கி வச்சிட்டு மேல்நூல கோத்து தைச்சு பாருங்க, துணிக்கு அடியில நூல் குப்பையா சுத்திக்கும். இத முதல் தடவ பாக்கிற எல்லாரும் அடிநூல் சுத்தி வைக்கிற பாபின்தான் கெட்டுப்போச்சுனு கழட்டி நோண்டுவாங்க, பாபின் ஒண்ணும் பண்ணிருக்காது, ஃபுட்டு இறங்கியிருந்தா மேல்நூல இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் இறுக்கி மூடியிருக்கும், நூல் நடுவுல போய் உக்காராது, பிடிப்பு இல்லாம தளர்ந்து கீழ வந்து குவியும். ஃபுட்ட தூக்கிட்டு மறுபடி நூல் கோத்தா சரியாயிடும். அடியில குப்பை வந்தா தப்பு மேல்நூல்லதான், இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க. அதே மாதிரி டென்ஷன ரொம்ப குறைச்சு ஒரு வரி, ரொம்ப கூட்டி ஒரு வரி, மேலயும் கீழயும் வேற வேற கலர் நூல் போட்டு அடிச்சு பாருங்க, எந்த நூல் எந்தப் பக்கம் எட்டிப் பாக்குதுனு கண்ணுக்கே தெரியும். அந்த துண்டு மேல பேனாவுல எழுதி வைங்க, என்ன பண்ணப்போ எப்படி வந்துச்சுனு. பின்னாடி நல்ல துணில அதே மாதிரி வந்தா பதட்டமே வராது, ஏன்னா அத வர வச்சதே நீங்கதான்.

இழுத்து மட்டும் பாக்காதீங்க. ஊசி துணிக்குள்ள இருக்கும்போது துணிய பிடிச்சு இழுத்தா ஊசி வளைஞ்சு தகட்டுல மோதி உடையும். கண்ணாடி போட்டுக்கிட்டே உக்காருங்க.

கால் மிஷின்காரங்களுக்குனே சில விஷயம் இருக்கு. உங்க கால் தாளத்துக்கு பழகுனது, எலக்ட்ரிக் பெடல லேசா தொட்டாலே இது ஓடும், ஃபுல் ஸ்பீடுல நிமிஷத்துக்கு 700, 800 தையல் போகும், நடுக்கமே அங்கதான் வருது. அதுக்கு பெடலையே கழட்டி வச்சிருங்க. நிறைய கம்ப்யூட்டர் மிஷின்ல பெடல் இல்லாதப்போ ஸ்டார்ட் ஸ்டாப் பட்டன் வேலை செய்யும், பக்கத்துல ஸ்பீடு கூட்டுற குறைக்கிற தள்ளு பட்டன் இருக்கும், அத அடி மட்டத்துல வச்சிட்டு ஓட்டுனா ஆமை மாதிரி போகும். ஸ்க்ரீன்ல இருக்கிற நூத்துக்கணக்கான டிசைன திரும்பி கூட பாக்காதீங்க, போர்வைக்கு நேர் தையல் ஒண்ணே போதும்.

எடுத்ததுமே பூ, கொடினு சுத்தி சுத்தி தைக்கிறதுக்கு போகாதீங்க. அதுக்கு துணிய தள்ளுற பல்ல கீழ இறக்கிட்டு நாமளே கையால துணிய நகத்தணும், தையல் நீளம் மிஷின் கைல இல்ல, நம்ம கை வேகத்துல இருக்கு. அது பழக நாளாகும். நீங்க இத்தன வருஷமா போட்டது வரி வரியா ஓட்டுத்தையல்தானே, அதே வரிய வாக்கிங் ஃபுட் போட்டு அடிங்க. சாதா ஃபுட்டுல அடித்துணி மட்டும் நகரும், மேல்துணி பின்தங்கி சுருக்கம் விழும், வாக்கிங் ஃபுட்டுக்கு அதுக்குனு தனி பல்லு இருக்கிறதால மேல இருக்கிறதும் சேந்து நகரும். பெட்டிக்குள்ள பெருசா அசிங்கமா ஒரு ஃபுட் இருக்கானு பாருங்க, அதான்.

அக்கா சொன்னதுக்கு வரேன். இந்த சண்ட அமெரிக்காவுலயே நடந்து முடிஞ்சது. கென்டக்கில பதூக்கானு ஒரு ஊர், குவில்ட்டுக்குனு அங்க மியூசியமே இருக்கு. அந்த ஊர்ல நடக்கிற பெரிய போட்டியில 1989ல கேரல் பிரையர் ஃபாலர்ட்ங்குற அம்மாவோட சூரிய கிரகண குவில்ட்டுக்கு முதல் பரிசு குடுத்தாங்க, மிஷின்ல குவில்ட் பண்ணதுக்கு அந்த பரிசு கிடைச்சது அதான் முதல் தடவ. கையால போடுறவங்களுக்கு செம கோவம். இன்னைக்கு அதே குவில்ட் அந்த மியூசியத்துல இருக்கு. கைத்தையலுக்குனு ஒரு அழகு இருக்கு, அத நான் மறுக்கல, ஆனா மூட்டு வலியோட ஊசி பிடிச்சு நிரூபிக்க என்ன இருக்கு? அக்காவுக்கு அவ்ளோ ஆசைன்னா கடைசி ஓரத்த அவங்களையே கையால மடிச்சு தைக்க சொல்லுங்க, எனக்கு தெரிஞ்சு வாய் அடங்கிரும்.

நூலுக்கு, சாதாரண நல்ல காட்டன் நூலோ பாலியஸ்டர் நூலோ போதும். கைத்தையலுக்குனு மொறமொறப்பா பூச்சு போட்டு ஒரு நூல் விக்கிறாங்க, அது மட்டும் வேணாம், அந்த பூச்சு டென்ஷன் தட்டுல ஒட்டிக்கும். ஊசி 90 நம்பர் போடுங்க, இனிமே சேலைய வெட்டும்போது ஜரிகை பார்டர எடுத்துருங்க. பழைய மிஷினோட பாபின் இதுல போடாதீங்க, பெட்டியோட வந்தது மட்டும்தான். அப்புறம் பழக்க தோஷத்துல ஓட்டை பாத்து எண்ணெய் விட்டுராதீங்க, நிறைய கம்ப்யூட்டர் மிஷினுக்கு வீட்டுல எண்ணெய் விடவே கூடாதுனு புக்குலயே போட்டிருப்பாங்க, பையன்கிட்ட போன்ல படிச்சு சொல்ல சொல்லுங்க. பாபின் குழிய மட்டும் பிரஷ்ஷால துடைங்க, வாயால ஊதாதீங்க, பஞ்சு இன்னும் உள்ள போயிரும்.