எங்கள் வீட்டில் பஸில் அஞ்சறைப் பெட்டியில்தான் ஆரம்பித்தது

கேட்டிருப்பது இதுதான்: ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை எந்நேரமும் எதையாவது எடுத்து எதிலாவது பொருத்திப் பார்க்கிறது, பஸில் வாங்கித் தரலாமா, எத்தனை துண்டில் ஆரம்பிப்பது?

தாராளமாக வாங்கித் தாருங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் சமையலறையை ஒரு முறை பாருங்கள். என் மகளின் முதல் பஸில் என் அம்மாவின் பழைய எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. அப்போது அவளுக்கு 16 மாதம். ஏழு கிண்ணத்தையும் வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்குவாள், ஆறு உள்ளே போய்விடும், ஏழாவது மட்டும் மற்றவற்றின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும், உள்ளங்கையால் அதைத் தட்டுவாள், அமுக்குவாள், போகாது. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று உட்கார்ந்தால்தான் அந்தப் பெட்டி ஏழையும் ஏற்றுக்கொள்ளும். ஒரு நாள் பக்கத்துக் கிண்ணத்தை ஒரு விரலால் லேசாகத் தள்ளினாள், ஏழாவது டக்கென்று இறங்கிவிட்டது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள், பிசைந்து வைத்த பருப்புச் சோறு ஆறிப்போகும்வரை அதேதான்.

அதற்கப்புறம்தான் குமிழ் வைத்த மரப் பலகை வாங்கினோம். பசு, கோழி, யானை, மீன் என்று நான்கே துண்டு. சரியான குழியைக் கண்டுபிடித்துவிடுவாள், ஆனால் பசு தலைகீழாக இருக்கும், திருப்ப வேண்டும் என்று தோன்றாமல் அப்படியே வைத்து அழுத்துவாள். எனக்குக் கை பரபரவென்று வரும், அரை அங்குலம் திருப்பினால் முடிந்துவிடும் வேலைதானே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாதான், "நீ கைய வெக்காத கண்ணு, அவளே வெப்பா" என்றார். சொன்ன மாதிரியே நடந்தது, ஆனால் அன்றைக்கு இல்லை, நான்கு நாள் கழித்து.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். துண்டு எத்தனை என்பதெல்லாம் இரண்டாவது, கையை வைக்காமல் பக்கத்தில் உட்கார உங்களால் முடியுமா என்பதுதான் முதல். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து பல வருடம் இந்தியாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் கருவிகளில் உருளைக் கட்டை என்று ஒன்று உண்டு. ஒரு கட்டையில் 10 குழி, 10 உருளை, ஒவ்வொன்றும் அதனதன் குழியில்தான் சரியாக உட்காரும். ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை எங்கேயும் சேராமல் கையிலேயே நிற்கும். தப்பு என்று சொல்ல ஆள் வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். எங்கள் அஞ்சறைப் பெட்டியும் அதைத்தானே செய்தது!

கைக்குப் பதிலாக வார்த்தையைக் கொடுங்கள். "திருப்பு", "இந்தப் பக்கம் தள்ளு", "ஓரத்துல பாரு", அவ்வளவு போதும். கொஞ்ச நாளில் அவளே "திப்பு, திப்பு" என்று சொல்லிக்கொண்டே திருப்ப ஆரம்பித்தாள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 53 குழந்தைகளை 2 வயதிலிருந்து 4 வயதுவரை அவ்வப்போது வீட்டுக்கே போய்க் கவனித்திருக்கிறார்கள், நாலரை வயதில் உருவங்களை மனதிலேயே நகர்த்தித் திருப்பிப் பார்க்கும் சோதனையில், பஸில் விளையாடிய குழந்தைகள் விளையாடாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பஸில்தான் அதற்குக் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது, அதனால் மூளை வளரும் என்று சொல்லி யாராவது விலை ஏற்றி விற்றால் வாங்காதீர்கள்.

சரி, துண்டுக் கணக்கு. எங்களுக்கு ஒத்துவந்தது ஒன்றரை வயதில் மூன்று நான்கு, இரண்டு வயதில் ஆறு, மூன்றை நெருங்கும்போது பன்னிரண்டு. சொந்தக்காரர் ஒருவர் ஆசையாக 100 துண்டு அட்டை பஸில் வாங்கி வந்தார், அது அவள் வாயில் ஊறி உப்பியதுதான் மிச்சம், பாதியைத் தூக்கிப் போட்டோம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சின்னத் துண்டு தரவே கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். சுமார் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் முழுசாகப் போகிற எதுவும் ஆபத்து. மரப் பலகை என்றால் குமிழ் ஆடுகிறதா, சிலாம்பு இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள்.

காசு செலவழிக்காமலும் செய்யலாம். பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் டவுன் பஸ் படம் ஒன்றை ஒட்டி மூன்றாக வெட்டினேன், முன்பக்கம், நடு, பின்பக்கம். வளைத்து நெளித்து வெட்ட வேண்டாம், பொருள் எங்கே பிரிகிறதோ அங்கேயே வெட்டுங்கள். 1760களில் லண்டனில் வரைபடம் தயாரிக்கும் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரப் பலகையில் ஒட்டி அறுத்தபோதும் நாட்டு எல்லைகளை ஒட்டியேதான் அறுத்தார், பிள்ளைகள் புவியியல் படிப்பதற்காக. குழந்தை தினமும் பார்க்கிற பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. என் மகள் பெங்குவின் படம் போட்ட பஸிலைத் தொடவே இல்லை, பஸ்ஸை மட்டும் அட்டை நைந்துபோகும்வரை சேர்த்தாள்.

இப்போது அவளுக்கு மூன்றேகால் வயது, 24 துண்டு சேர்க்கிறாள். ஒரு தடவை தாத்தா ஆசையில் கடைசித் துண்டை வைத்துவிட்டார், அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சமில்லை. அதிலிருந்து விளையாட உட்கார்ந்ததும் முதலில் ஒரு துண்டை எடுத்து இடது கை விரலுக்குள் மூடி வைத்துக்கொள்கிறாள். மீதி 23 முடிகிறவரை அந்தக் கை திறப்பதில்லை.