நெஞ்சைப் புண்ணாக்கிய காய்ச்சல் மருந்து

கேள்வி: எனக்கு 48 வயது. கழனி வேலை செய்கிறேன். பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. அக்குளில் இருந்த கறுப்புப் பொருக்கைப் பார்த்த டாக்டர், இது உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி டாக்சிசைக்ளின் 100 மி.கி. கேப்ஸ்யூலை, காலையும் இரவும் ஏழு நாள் சாப்பிட எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் நான்காம் நாள் விடிந்ததில் இருந்து நடு நெஞ்சில் எரிச்சல். எச்சில் விழுங்கினால்கூட வலிக்கிறது. 'அது சூட்டு மருந்து, விட்டுவிடு' என்கிறார்கள் பக்கத்து வீட்டில். காய்ச்சல்தான் போய்விட்டதே, மீதியை நிறுத்திவிடலாமா? ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன்.
- வாசகி, ஆரணி

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலையே தொலைபேசியில் பேசினோம். இதே மருந்தைச் சாப்பிடுகிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

இரவு கேப்ஸ்யூலை எப்படிப் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பாத்திரமெல்லாம் கழுவிவைத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரில் முழுங்கி, அப்படியே பாயில் படுத்துவிடுவேன் என்றீர்கள். கோளாறு அங்கேதான். டாக்சிசைக்ளின் கரைந்தால் நல்ல அமிலம். தண்ணீர் போதாமல், உடனே படுத்தும்விட்டால் கேப்ஸ்யூல் வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயின் நடுவில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். பட்ட இடம் வெந்து புண்ணாகும். உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இளநீரும் மோரும் குடித்துச் சமாளிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த மருந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது, ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. இரவு வேளையை ஏழு மணிச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டால் தூக்கத்துக்கு முன் நேரம் கிடைக்கும்.

சரி, நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்தக் கிருமி நம் செல்களுக்குள் புகுந்து வாழ்வது. டாக்சிசைக்ளின் அதைப் பெருகவிடாமல் அடக்கிவைக்கிறது, மீதியை உடம்புதான் அழிக்க வேண்டும். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குவது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம், நோய் தீர்ந்ததற்கு அல்ல. பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பலாம். முற்றிய உண்ணிக் காய்ச்சல் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பிடிக்கும், உயிரையே எடுக்கும். ஆனால் உங்களைப் போல எச்சில் விழுங்கவே வலிக்கிறவர் அதே கேப்ஸ்யூலைப் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடவும் கூடாது. அதனால்தான் மறுநாளே உங்கள் டாக்டரிடம் போகச் சொன்னேன். அவர் அசித்ரோமைசின் என்ற வேறு மருந்துக்கு மாற்றி, புண் ஆறவும் மருந்து கொடுத்திருக்கிறார். தண்ணீரே இறங்கவில்லை, வாந்தியில் ரத்தம், மலம் தார் போலக் கறுப்பு என்றால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. நீங்கள் கேட்டது எனக்குப் பெரிய நிம்மதி. இரும்பு, டாக்சிசைக்ளினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துச் சாப்பிட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. ஏனென்றால் ரத்தத்தில் சேர்ந்த மருந்தில் ஒரு பகுதி பித்தநீர் வழியாகக் குடலுக்குத் திரும்பி வரும். அங்கே இரும்பு இருந்தால் அதோடு போய்விடும். எனவே இந்த மருந்து முடிகிற வரை இரும்பைத் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதே சரி. ஒரு வாரத்தில் ரத்தம் குறைந்துவிடாது. கால்சியம் மாத்திரையும் கேஸுக்குக் குடிக்கிற டானிக்கும்கூட இப்படித்தான், சில மணி நேர இடைவெளி விட வேண்டும். பாலில் விழுங்குவதையும் தவிருங்கள்.

கழனிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது வெயில் சீக்கிரம் சுடும். முகமும் முன்கையும் சிவந்து எரியும். முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் வேண்டும். வயிற்றுப் பிரட்டல், லேசான பேதி பலருக்கு வரும், போய்விடும். விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ, உடம்பெங்கும் தடிப்பு வந்தாலோ அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

போனை வைக்கும் முன் நீங்கள் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. மிச்சம் எட்டுக் கேப்ஸ்யூல் இருக்கிறது, மருமகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆகும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றீர்கள். மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளையின் பல், எலும்பில் போய்ச் சேரக்கூடிய மருந்து வகை இது. அவருக்கு உண்ணிக் காய்ச்சலே வந்தாலும் டாக்டர் வேறு மருந்துதான் முதலில் யோசிப்பார். அந்த எட்டையும் அடுத்த முறை போகும்போது டாக்டரிடமே கொடுத்துவிடுங்கள்.