அணையில் ‘5,000 கனஅடி திறப்பு’ என்றால் கீழே தூண்டில் போடுபவர்களுக்கு என்ன ஆபத்து?

அணைத் திறப்பில் ஒரு கனஅடி என்றால் விநாடிக்கு ஒரு கனஅடி நீர், சுமார் 28 லிட்டர், அதாவது இரண்டு குடம். 5,000 கனஅடி திறந்தால் பழைய வட ஆற்காட்டின் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்குப் பத்தாயிரம் குடம் பாய்கிறது.

வேகம் இரண்டு மடங்கானால் நீர் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழமே ஆளைச் சாய்த்துவிடும். நடுப்பாறையில் நிற்பவருக்குத்தான் பெரிய ஆபத்து: பாறை நனையும் முன்பே, கரைக்குத் திரும்பும் பள்ளம் நிரம்பிவிடும். தயவுசெய்து கரையிலிருந்தே போடுங்கள். நீர்விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். அது மூழ்கத் தொடங்கினாலோ, தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ, தூண்டிலை விட்டுவிட்டு உடனே மேடேறுங்கள்.

“இங்கே மழையே இல்லையே” என்று பலரும் நம்பி இறங்குகிறார்கள்; ஆற்றின் மேற்பகுதியில், கிருஷ்ணகிரிப் பக்கம் பெய்த மழைக்கே சாத்தனூரில் மதகு திறக்க நேரிடும்.